கரி டப்பா

“என்ன மணம் ஹாஜரா! தெருமுக்குல திரும்பும்போதே மூக்கத் தொளைக்குது.”

“மணக்குதா? கேலி பண்றீங்களா?”

“கேலி எதுக்கு? நெய்ச்சோறுதானே?”

“நெய்ச்சோறுதான். அடியோட கருகிப்போச்சு. பக்கத்து வீட்டுச் சேச்சி வந்து சன்னலெல்லாம் தொறந்து விட்டுட்டு இப்பத்தான் போறா. நீங்க மணக்குதுங்கிறீங்க.”

“கருகினா என்ன? எனக்கு மணமாத்தான் இருக்கு. போடு, பசிக்குது.”

பேச்சு அவ்வளவுதான். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மட்டாஞ்சேரி வீட்டு அடுக்களை வாசலில் நின்று புருஷனும் பெண்டாட்டியும் பேசியது. ஹாஜராவின் அம்மா கொரோனாவில் போய் நாற்பது நாள்கூட ஆகாத சமயம். அடுப்பில் வைத்ததை மறந்து சுவரைப் பார்த்து நின்றவளுக்குப் புகை கண்ணைக் கடித்தபோதுதான் சோற்று நினைவே வந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மனுஷர் என்ன சொல்வாரோ என்று கரண்டியும் கையுமாக நின்றாள். அவரானால் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அம்மாவுக்காக அழுது அழுது வற்றிப்போயிருந்த கண்ணில் அன்றைக்கு வேறு விதமாகத் தண்ணீர் வந்தது அவளுக்கு.

அதற்கப்புறம் அந்தக் கதையை அவள் சொல்லாத கல்யாண வீடு இல்லை. “முப்பது வருஷத்துல ஒரு மொழம் பூ வாங்கிக் குடுத்த மனுஷன் இல்ல. கருகின சோத்த மணக்குதுன்னு சொன்னாங்க, கேட்டியா? பின்னே எனக்கு என்ன வேணும்?” என்பாள். கேட்கிற பெண்கள் எல்லாம் தலையைத் திருப்பி, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் சலாவுதீனை ஒரு தரம் பார்ப்பார்கள். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

உண்மை வேறு. அன்றைக்கு அவருக்குக் கருகலும் தெரியவில்லை, நெய்யும் தெரியவில்லை. காலையில் அவள் நெய்ச்சோறு என்று சொல்லியிருந்தாள். வாசலில் நுழைந்ததும் மணக்கிறது என்று சொன்னார். அவ்வளவே. அவருக்கும் வந்துபோன அந்தக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் கொண்டு போயிருந்தது. முதல் கவளம் நாக்கில் கசந்தபோதுதான் சோறு கருகியது மெய்யென்றே அவருக்குப் புரிந்தது. அதற்குள் ஹாஜரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூக்கு போவது மற்றவர்களுக்கு ஒரு குறை. சலாவுதீனுக்கு மூக்குதான் தொழில். சுள்ளிக்கல்லில் அவருடைய மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டி கொண்டு வருகிற டாக்ஸிக்காரர்கள், “சலாவுதீனிக்கா பானெட்டத் தொறக்குறதுக்கு முந்தி மூக்கத் தொறப்பார்” என்பார்கள். கிளட்ச் தேய்ந்த வாடை, ஒயர் சூடான வாடை, ரேடியேட்டர் தண்ணீர் கசிந்த இனிப்பு வாடை எல்லாம் வண்டி வந்து நின்ற மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஜூ டவுனில் மிளகுக் கிடங்கில் சரக்குத் தரம் பார்த்த அவருடைய அத்தாவிடமிருந்து வந்த மூக்கு என்று ஊரில் பேச்சு.

காய்ச்சலுக்குப் பிறகு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். டாக்டர் ஒருவர், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு நாளாகும் என்றார். தினமும் காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் நனைத்த துணியை முகத்தருகே கொண்டுபோவார். கிராம்பை நசுக்கிப் பார்ப்பார். ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவரைப் பார்ப்பது போல இருக்கும். வேர்வை நாறுகிறதா என்று தெரியாததால் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்தார். ஹாஜரா, “இந்த வயசுல என்ன புது மாப்பிள்ள மாதிரி?” என்று கேலி செய்தாள்.

ஷெட்டில் அவரைக் காப்பாற்றியது மாரிச்செல்வத்தின் முகம். மாரிச்செல்வம் கோவில்பட்டிக்காரன், பதினெட்டு வருஷமாக அங்கே வெல்டிங், டிங்கர் வேலை பார்க்கிறவன். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத முகம் அவனுக்கு. பெட்ரோல் கசிந்தால் அவன் இடது புருவம் ஏறும். ஆயில் கருகினால் உதடு கோணும். சலாவுதீன் எஞ்சினைப் பார்ப்பது போல நின்று அவன் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, “பைப்புல எங்கியோ லீக் இருக்குடா” என்பார். “உங்க மூக்குக்கு ஒரு மோதிரம் போடணும் பாய்” என்பான் அவன்.

ஆனாலும் எத்தனையோ தரம் வாய்வரை வந்திருக்கிறது. பால் திரிந்திருக்கிறதா என்று பாத்திரத்தை வைத்துக்கொண்டு நிற்கையில், சட்டையை மாட்டும்முன் அக்குளைத் தூக்கிப் பார்க்கையில், ‘ஹாஜரா, இதக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லேன்’ என்று கேட்டுவிட வேண்டும் என்று. கேட்டால் முதலில் அவள் நினைவு போய் நிற்கிற இடம் அந்த வெள்ளிக்கிழமைதான். அவள் கையிலிருக்கும் அந்த ஒன்றைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். மருமகனின் வண்டி வந்தது.

மகள் லமியாவைக் கட்டியிருக்கும் ஷாஹிர் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பையன். திருப்பூணித்துறையில் பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய அத்தா ஓட்டிய பழைய வெள்ளைக் கார் ஒன்று, எஞ்சின் இறுகிப்போய் ஒரு வருஷமாக வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. விற்க மனசில்லை. “மாமா, வேற எஞ்சின் வச்சு ஓட வச்சிரலாமா? அத்தாவோட வண்டி, புள்ள நௌரின் அதுல போகணும்னு ஒரு ஆசை” என்றான். மருமகன் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி, விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து எஞ்சினை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பழைய எஞ்சின் கார்ப்புரேட்டர் வைத்தது. வந்தது இஞ்செக்‌ஷன் எஞ்சின். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கி, எஞ்சின் உட்காரும் மவுண்ட்டை வெட்டி ஒட்டி, ஒயரிங் முழுக்க மாற்றி, பம்ப் வைத்த புது டேங்கைப் பின்சீட்டுக்கு அடியில் ஏற்றி, மே மாசத்துப் புழுக்கத்தில் இரண்டு பேரும் பனியன் பிழிந்து பிழிந்து வேலை பார்த்தார்கள். பதினோரு மணிக்குச் சாயாவும் பழம்பொரியும். மத்தியானம் ஹாஜரா கொடுத்தனுப்பும் கப்பைக்கிழங்கும் மீன்கறியும். புதிய எஞ்சினோடு ஒரு கறுப்பு டப்பாவும் வந்திருந்தது, தேங்காய் அளவில். கேனிஸ்டர் என்று பெயர்; ஷெட்டில் கரி டப்பா என்பார்கள். டேங்கில் பெட்ரோல் சும்மா கிடந்தாலும் வெயிலுக்கு ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை ஒரு குழாய் இந்த டப்பாவுக்குக் கொண்டுவரும். உள்ளே இருக்கிற கரி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் ஒரு சின்ன வால்வு வழியாக அதை இழுத்து எரித்துவிடும். கரி டப்பா இல்லாமலும் வண்டி ஓடும். அதனாலேயே நிறையப் பேர் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

சலாவுதீன் கழற்றிப் போடுகிற ஆள் இல்லை. ஆனால் பானெட்டுக்குள் அதற்கு இடம் இல்லை. ஏசி கம்ப்ரசர் வந்து உட்கார்ந்துவிட்டது. சக்கரத்துக்கு மேலே ஒரு தாங்கி வெல்டு பண்ணி வைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து மாரிச்செல்வம் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

“பத்து நாளு பாய். வந்ததும் முதல் வேலை அந்தத் தாங்கிதான்.”

“பெருநாளுக்கு வண்டி கேட்டிருக்காங்கடா.”

“அப்போ பெருநாள ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்க.”

பெருநாளைத் தள்ளி வைக்க முடியாது. ஆவிக்குழாயைப் பின்சீட்டுக்கு அடியிலேயே சுருட்டி, நுனியில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்தார். கிளிப் போட்டு இறுக்கக்கூட இல்லை. பத்து நாள்தானே. மூன்று நாள் தோப்பும்படி வரை ஓட்டிப் பார்த்தார். சத்தம் சுத்தம், இழுவை சுத்தம். வாடை இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பத்து நாளும் ஷெட்டில் ஒரு முகமும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லமியாவும் ஷாஹிரும் பிள்ளையோடு வந்தார்கள். லமியா லேப்பில் வேலை பார்க்கிறவள், மறுநாள் டியூட்டி. அவர்கள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் திரும்ப, நௌரின் மட்டும் இருந்துவிட்டாள். “பேத்தியும் வண்டியும் சேந்தே வரட்டும்” என்றார் சலாவுதீன். இரண்டாம் நாள் மத்தியானம் கிளம்பினார். ஹாஜராவுக்கு வீட்டில் விருந்தாளிகள். மருமகனுக்கு வண்டி கொடுக்கும்போது டேங்க் பாதியாக இருக்கலாமா? வழியில் கழுத்துவரை நிரப்பினார். வெளியே தகிக்கிற வெயில். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார்.

தோப்பும்படி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து நான்கு வயசுக் குரல் வந்தது. “உப்பூப்பா, நாறுது.”

“புது எஞ்சின் கண்ணு. புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்.”

“எனக்குத் தலை வலிக்குது.”

“கொஞ்சம் படுத்துக்கோ. கண்ணாடியத் தொறந்தா வெயில் அடிக்கும். இப்ப வந்திரும் வீடு.”

குண்டனூரில் வண்டிகள் நகரவே இல்லை. முக்கால் மணி நேரம். பிள்ளை சத்தம் போடாமல் படுத்திருந்தது. தூங்குகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார்; ஏசியைக்கூட இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

திருப்பூணித்துறை வீட்டு வாசலில் கதவைத் திறந்த லமியா, “யா அல்லா, என்ன இது வாடை!” என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கினாள். தலை தோளில் நிற்கவில்லை. இறங்கின இடத்திலேயே வாந்தி.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. சாயங்காலத்துக்குள் பிள்ளை கண்ணைத் திறந்து ஐஸ்கிரீம் கேட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் அதற்குள்ளே இருந்திருந்தால் என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஷாஹிர் கார் டிக்கியைத் திறந்து, சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான். கையில் அந்த போல்ட் இருந்தது. டேங்கின் அழுத்தம் தாங்காமல் அது எப்போதோ தெறித்து விழுந்திருந்தது. குழாய் வாய் திறந்து கிடந்திருக்கிறது.

“மாமா,” என்றான். குரல் உயரவில்லை, அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை. “நாங்க கதவத் தொறந்ததும் மூச்சு முட்டிச்சு. ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்திருக்கீங்க. உங்களுக்கு வாடை வரலியா?”

வராந்தாவில் போவோர் வருவோர். லமியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்க மூக்குக்கு மோதிரம் போடணும் பாய் என்று எங்கேயோ கேட்டது. வாய் தானாகப் பொய் சொன்னது.

“லேசா வந்துச்சு மாப்பிள. போகப்போகச் சரியாயிரும்னு நெனச்சேன்.”

அதைவிட மோசமான பதில் உலகத்தில் இல்லை என்று சொன்ன மறு நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தவனை மகள் மன்னித்திருப்பாள். தெரிந்தும் கண்ணாடியை ஏற்றி வைத்தேன் என்றல்லவா சொல்லிவிட்டார்?

“புள்ள நாறுதுன்னு சொன்னாளாமே, அத்தா?” என்றாள் லமியா. “தலை வலிக்குதுன்னு சொன்னாளாமே? உங்களுக்கும் வாடை தெரிஞ்சிருக்கு. பின்னே எதுக்குக் கண்ணாடியத் தொறக்கல? உங்க வேலையில குத்தம் வந்துரக்கூடாது, அப்படித்தானே?”

அவருக்குச் சொல்வதற்கு இருந்தது ஒன்றுதான், அதைத்தான் மறைத்தாகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. ஜூன் முதல் தேதி நௌரின் எல்.கே.ஜி. சேர்ந்தாள். முதல் நாள் உப்பூப்பாதான் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பெருநாளன்று விரலில் விரல் கோத்து வாக்குக் கொடுத்திருந்தார். குடையும் பையுமாகப் பிள்ளை நிற்கிற போட்டோ ஹாஜராவின் போனுக்கு வந்தது. அவர் போனுக்கு வரவில்லை. ஹாஜரா காட்டியபோது, வாங்கிப் பார்த்துவிட்டுக் கைலியில் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஹாஜரா வாரம் ஒரு தரம் அரிசிப் பத்திரியும் இறைச்சியும் கட்டிக்கொண்டு பஸ் ஏறித் தனியாகப் போய் வந்தாள். மூன்றாவது வாரம் திரும்பி வந்தவள், நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு நேரே அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“நல்லா கேட்டுட்டு வந்தேன் இன்னைக்கு. வயிறு நெறைய.”

“யாருகிட்ட?”

“உங்க மகள்கிட்ட. ‘அம்மா, அத்தாவ நம்பிப் புள்ளைய அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல’ங்கிறா. நான் விடுவேனா? ‘அடியே, உங்கத்தா மனசு உனக்கு என்ன தெரியும்? எதையும் குத்தம் சொல்லத் தெரியாத மனுஷன். கருகின சோத்தையே மணக்குதுன்னு தின்னவங்க. வாடை வந்தாலும் வாயத் தொறந்து சொல்லாம சகிச்சுட்டு வந்திருப்பாங்க, அது அவங்க சுபாவம்’னு சொன்னேன்.”

சலாவுதீன் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்தார். “அதச் சொன்னியா?”

“பின்னே? வேற என்னத்தச் சொல்லி உங்களக் காப்பாத்தட்டும்?”

“அவ என்ன சொன்னா?”

“‘சகிச்சுக்கட்டும், அவரு மட்டும் சகிச்சுக்கட்டும், எம்புள்ளைய எதுக்குச் சகிக்க வச்சாரு’ன்னா. அவ கேட்டதும் ஞாயம் அல்லே?”

“ஞாயந்தான்.”

“புள்ள உங்களக் கேக்குது. உப்பூப்பாவுக்கு இன்னும் காய்ச்சல் போகலியான்னு. உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கா லமியா.”

அவர் எழுந்து போய் டம்ளரைக் கழுவி வைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடியும் கழுவினார். பின்னால் ஹாஜரா, “எனக்கும் ஒண்ணு கேக்கணும்ங்க” என்றாள். “எங்கிட்டயாச்சும் நேராச் சொல்லுங்க. வாடை தெரிஞ்சும் எதுக்கு ஓட்டிட்டுப் போனீங்க?” குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மூடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே வந்து மூடினாள். அன்றிரவு ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிப் படுத்தார்கள். முப்பது வருஷத்தில் அது அதிகம் நடந்ததில்லை.

கார் ஷெட்டுக்குத் திரும்பி வந்து நின்றது. மாரிச்செல்வம்தான் நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டு ஓட்டிவந்தான். நடந்ததைக் கேட்டதிலிருந்து அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தான்.

“அந்தத் தாங்கிய ஒட்டிட்டுப் போயிருந்தா இந்தக் கேடு வந்திருக்காது பாய். அரமணி வேலை.”

“நீ என்னடா பண்ணுவ? போல்ட்ட வச்சது நான்.”

“அதான் எனக்கு வெளங்கல. உங்க மூக்குக்கு எப்படித் தப்பிச்சு?”

“வேலையப் பாரு.”

இருவரும் வேலையைப் பார்த்தார்கள். சக்கரத்துக்கு மேலே தகட்டை வளைத்துத் தாங்கி ஒட்டினான் மாரிச்செல்வம். கரி டப்பாவை அதில் உட்கார வைத்து, டேங்கிலிருந்து புதுக் குழாயைத் தரைக்கடியில் கொண்டுவந்து, ஒவ்வொரு மூட்டிலும் கிளிப் போட்டு இறுக்கினார் சலாவுதீன். வால்வுக்கு ஒயர் கொடுத்துத் திறக்கிறதா மூடுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். வாயால் ஊதிப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று முழங்காலில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தார். கண்ணும் கையும் செய்யக்கூடியது அத்தனையும் செய்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. டேங்க்கை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திப் போட்டார். இனி கதவைத் திறந்து ஒருவர் தலையை உள்ளே விட வேண்டும். மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டார்.

அவன் துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு.

“நேத்து மழையில நனஞ்சேன் பாய். ரெண்டு மூக்கும் அடைச்சு, பிரியாணிய வச்சாலும் தெரியாது. ஏன், நீங்கதான் இருக்கீங்களே, உங்களுக்கு மிஞ்சியா நான்?” சொல்லிவிட்டு மூன்று தும்மல் போட்டான்.

சலாவுதீன் அவன் முகத்தைப் பார்த்தார். வீங்கிப்போய், ஒன்றும் எழுதாத முகம். கார்க் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினார். சூடு முகத்தில் அடித்தது. சீட்டின் ரெக்சினில் பிள்ளையின் பூனைக்குட்டி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. வேறெதுவும் இல்லை. வெள்ளைச் சுவர்.

அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஹாஜரா. கையில் பெரிய தூக்குவாளி. நல்ல சேலை.

“கிளம்புங்க. லமியாவுக்குப் போன் போட்டுட்டேன்.”

“எங்கே?”

“எங்கேயா? திருப்பூணித்துறைக்கு. இந்த வண்டியிலதான் வருவேன், பின்சீட்டுலதான் உக்காருவேன், ஒரு கண்ணாடி எறக்க மாட்டேன், எறங்கி உம்முன்னால நிப்பேன், பாத்துட்டுப் புள்ளைய உங்கத்தாகிட்ட அனுப்புன்னு சொல்லிட்டேன்.”

“என்ன பேச்சு இது? இன்னைக்கு வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்? வேலை முடியலியா?”

“முடிஞ்சுச்சு அண்ணி” என்றான் மாரிச்செல்வம் மூக்கால். “பாய் இழைச்சு இழைச்சுப் பண்ணியிருக்காரு. இனி கரி டப்பாதான் குடிக்கும், மனுஷன் குடிக்க வேண்டாம்.”

“கேட்டீங்களா? செஞ்சவங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா மகளுக்கு எங்கேருந்து வரும்?” கதவு திறந்துதான் இருந்தது. ஹாஜரா தூக்கை உள்ளே வைத்துவிட்டுத் தானும் ஏறி உட்காரப் போனாள்.

சலாவுதீன் அவள் கையைப் பிடித்தார். வீட்டுக்கு வெளியே, இன்னொருத்தன் பார்க்க, அவர் அவள் கையைப் பிடித்ததே இல்லை. மாரிச்செல்வம் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, “நான் சாயா சொல்லிட்டு வாறேன்” என்று நழுவினான்.

“ஏறாத.”

“எதுக்குங்க?”

“வண்டி சரியாயிருச்சான்னு எனக்குத் தெரியாது.”

“நீங்கதானே செஞ்சீங்க?”

“கண்ணால பாத்துச் செஞ்சேன். கையால இறுக்குனேன். வாடை வருதா இல்லியான்னு தெரியாது. எனக்கு எந்த வாடையும் தெரியாது ஹாஜரா. அந்தக் காய்ச்சலோட போச்சு. அஞ்சு வருஷம் ஆச்சு.”

முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“அப்போ புள்ள நாறுதுன்னு சொன்னப்ப?”

“தெரியல.”

“மருமகன்கிட்ட லேசா வந்துச்சுன்னு சொன்னீங்களே?”

“பொய். என்னத்தையோ காப்பாத்தணும்னு வாய்ல வந்ததச் சொன்னேன்.”

“பாவி மனுஷா,” என்றாள். கோபமில்லை அதில். “தெரியலைன்னு சொல்லியிருந்தா லமியா அன்னைக்கே உங்க தோள்ல சாஞ்சு அழுதிருப்பாளே.”

“தெரியும்.”

வெயிலில் நின்ற காரின் கூரையிலிருந்து காற்று நெளிந்து நெளிந்து ஏறியது. ஹாஜரா ஏதோ எண்ணுகிறவள் போல நின்றாள். எங்கே போய் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். அவள் அங்கே போய்ச் சேருவதைத் தடுக்கவும் முடியாமல், உதவவும் முடியாமல் காத்திருந்தார்.

“அந்த வெள்ளிக்கிழமை?” என்றாள் கடைசியில்.

“அன்னைக்கும் தெரியல.”

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு தூக்கைத் திரும்ப எடுத்தாள். எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களின் மேல் வைத்தாள். “எங்கம்மா போன மாசம் அது,” என்றாள், அவரைப் பார்க்காமல். “எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பேன். போன தடவைகூட மகள்கிட்ட சண்டை போட்டேன் அத வச்சு.”

“அதனாலதான் சொல்லாம இருந்தேன்.”

“எதனால? எனக்காகவா, உங்களுக்காகவா?”

“ரெண்டும்தான். மொதல்ல எனக்காக. அப்புறம் நீ சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டதப் பாத்துட்டு…”

“ரெண்டு தட்டு தின்னீங்களே. கசக்கலியா?”

“கசந்துச்சு. ரெண்டாவது தட்டு தெரிஞ்சேதான் தின்னேன்.”

ஹாஜரா நிமிர்ந்து பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று அந்தப் பார்வையில் இருந்தது. இனி எதைச் சொன்னாலும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பார்வை இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. அவள் பைக்குள் போன் அடித்தது. லமியாவாகத்தான் இருக்கும். எடுக்காமல் அடித்து ஓயட்டும் என்று விட்டாள்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது. மாரிச்செல்வம் மூஞ்சியப் பாத்துத்தான் தொழில ஓட்டிட்டு இருந்தேன். இன்னைக்கு அவனுக்கும் சளி.”

அவள் உதட்டோரம் ஒரு கணம் அசைந்து அடங்கியது. “இந்த வண்டிய என்ன பண்ணப்போறீங்க?”

சலாவுதீன் காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுத் தகடு சுட்டது, கையை எடுக்கவில்லை.

“லமியாகிட்டயும் மாப்பிளகிட்டயும் இன்னைக்கே நானே சொல்றேன். பஸ்ஸுல போய்ச் சொல்றேன். அதுக்கு முந்தி உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அஞ்சு வருஷமா கேக்க வந்து வந்து முழுங்கிட்டுப் போயிட்டேன். நீ மாட்டேன்னு சொன்னாலும் சரிதான்.” கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தார். “ஏற வேண்டாம். வெளியே நின்னுட்டு, தலைய மட்டும் உள்ளே விட்டு, எனக்காக மோந்து பாத்துச் சொல்லுவியா ஹாஜரா?”